பதிவுபெற்ற இருமல்

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸுக்கும் கோரமண்டலுக்கும் நடுவே அந்தக் காலத்தில் ஒரு தங்கச் சுரங்கக் கம்பெனி இருந்தது. பெயர் நமக்கு வேண்டாம். பெயரைச் சொன்னால் அதற்கும் ஒரு பாரம் பூர்த்தி செய்யச் சொல்வார்கள். பூமிக்குள் கிடந்த தங்கத்தைத் தோண்டிக்கொண்டிருந்த அந்தக் கம்பெனிக்கு, பூமிக்கு மேலே கிடக்கிற செல்வத்தை வீணாக விட்டுவிட்டோமே என்று ஒருநாள் கவலை வந்தது. மேலே என்ன செல்வம் என்கிறீர்களா? கூலிக்காரர்களின் குறைகள்தான். ஒழுகும் கூரை, நாறும் சாக்கடை, கலங்கல் தண்ணீர், எலி, மூட்டைப்பூச்சி என்று லைனுக்கு லைன் கொட்டிக் கிடந்தது. லைன் என்றால் கூலிகளுக்குக் கம்பெனி போட்டுக்கொடுத்த தட்டிக் குடிசை வரிசை. இத்தனை குறையும் யாருக்கும் பிரயோசனம் இல்லாமல் போகிறதே என்று மனம் நொந்து, கம்பெனி ‘குறைகாண் தொழில் விருத்திச் சங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தது.

சங்கத்துக்கு எட்மண்ட் துரை தலைவர். குறை என்றால் எப்படி இருக்கும் என்று ஜன்மத்தில் அறியாதவர் என்பதால் பாரபட்சம் இல்லாமல் நடந்துகொள்வார் என்று அவரைப் போட்டார்கள். ஆபீஸ் ஹெட் ரைட்டர் கொர்னேலியஸ் காரியதரிசி. துரை இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேசினால் கொர்னேலியஸ் தமிழில் மூன்று வாக்கியம் பேசுவார். மிச்சம் இரண்டும் அவருடைய சொந்தச் சரக்கு.

தமுக்கு அடித்து லைன் ஜனங்களையெல்லாம் மைதானத்தில் கூட்டினார்கள். துரை பேசினார். கொர்னேலியஸ் கண்ணை மூடிக்கொண்டு, பிரசங்கம் செய்கிற குரலில் மொழிபெயர்த்தார்.

“குறை என்று அழாதிருங்கள். குறை என்பது மூடி போட்ட பொக்கிஷம். எங்கள் தேசத்தில் ஓயாமல் மழை பெய்கிறது. நாங்கள் மழையை நிறுத்தினோமா? இல்லை. குடை செய்தோம். மழை நின்றிருந்தால் குடைக்காரன் பிள்ளைகள் பட்டினி கிடந்திருப்பார்கள் அல்லவா? ஆகையால் உங்கள் குறைகளை நீங்களே அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதிருங்கள். சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அதிலிருந்து தொழில் பிறக்கும்.”

ஜனங்கள் நம்பினார்கள். இன்னா சொல்றாங்கோ ஏது சொல்றாங்கோ என்று பாதி புரியாமலே நம்பினார்கள். கூரை ஒழுகுகிறது என்று சொன்னவர்களுக்கு, வீட்டுக்குள் பிடித்துக்கொள்கிற சின்னக் குடை விற்பனைக்கு வந்தது. சாக்கடை நாறுகிறது என்று சொன்ன லைனில் சாம்பிராணிக் கடை திறந்தார்கள். கலங்கல் தண்ணீருக்கு வடிகட்டும் துணி. கடை மூன்றும் கோரமண்டலில் இருந்த சுந்தரராஜ் என்பவருடையவை. சுந்தரராஜ், கொர்னேலியஸின் மச்சான். கூரை முன்னைப்போலவே ஒழுகியது, சாக்கடையும் அதுபாட்டுக்கு நாறியது. தொழில் விருத்தியாகிவிட்டது என்று சங்கம் தீர்மானம் போட்டது.

ஸ்கெலட்டன் லைனில் இருந்த கங்கம்மா இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறு கவலை. அவள் புருஷன் கோவிந்தனும், கோவிந்தனுடைய தம்பி ராஜப்பாவும் நைட் ஷிப்டில் ஆழமான லெவலில் வேலை செய்தார்கள். கீழே அடுப்புக்குள் இருப்பதுபோல் கொதிக்கும். கோவணத்தோடு வேலை செய்து, தலையிலிருந்து கால்வரை வேர்வை சொட்டச் சொட்ட, விடிகிற நேரத்தில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருவார்கள். வந்தவுடன் வீட்டுக்கு விட்டுவிடுவார்களா? அதுதான் இல்லை. தங்கத்தை ஒளித்து எடுத்து வருகிறார்களோ என்று ஒவ்வொருவனையும் சோதிக்க வேண்டும். சோதனைக்காரன் வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்ப்பான். குடுமியை அவிழ்த்துச் சீப்புப் போட்டு வாருவான். கோவணத்தை உதறச் சொல்வான். இருநூறு பேருக்கு அவன் ஒரே ஒருவன். தன் முறை வருகிற வரைக்கும் அத்தனை பேரும் ஈர உடம்போடு திறந்த வெளியில், கோலார் மேட்டு மார்கழி வாடையில், வரிசையில் நிற்பார்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஒன்றரை மணியும் ஆகும்.

அந்த வருஷம் மட்டும் ஸ்கெலட்டன் லைனில் நெஞ்சுச் சளி கண்டு எட்டுப் பேர் போய்விட்டார்கள். ஐப்பசியில் கோவிந்தனுக்கு இருமல் பிடித்தது. கார்த்திகையில் அது நெஞ்சுக்குள் இறங்கியது. ஷிப்டு முடிந்து அவன் வந்து படுத்தால், கங்கம்மா அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே அடுப்படியில் இருப்பாள்.

அவளுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை. தானாகத்தான் தோன்றியது. இரண்டு மூங்கில் தட்டியை எடுத்துப் போய், வரிசை நிற்கிற இடத்தில் காற்று வருகிற பக்கமாக நட்டாள். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, ஒரு பெரிய சட்டியில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி வைத்தாள். மேலே வந்தவர்கள் தட்டி மறைவில் நின்று ஆளுக்கு ஒரு குவளை சூடாகக் குடித்தார்கள். பக்கத்து வீட்டுத் தங்கம்மா மறுநாள் ஒரு படி கேழ்வரகு கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாம் நாள் இன்னும் நாலு வீட்டிலிருந்து வந்தது. அன்றைக்குக் கோவிந்தன் இருமாமல் தூங்கினான். கங்கம்மா அவன் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

நாலாம் நாள் கம்பெனி ஆட்கள் வந்து தட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். கங்கம்மாவை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

“ரைட்டரையா, நானு இன்னா குத்தம் பண்ணேன்? ஒரு தட்டி வச்சேன், ஒரு சட்டி கூழு வச்சேன். அவ்ளோதானே?” என்றாள்.

“அதுதான் குற்றம்,” என்றார் கொர்னேலியஸ். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “பதிவாகாத குறையை நீ பாட்டுக்குத் தீர்த்துவிட்டாய். மூன்று நாளாக இருநூறு பேருக்குக் குளிரவில்லை. அந்தக் குளிரெல்லாம் எங்கே போயிற்று? யாருக்கும் லாபமில்லாமல் போயிற்று. இப்படி ஆளாளுக்குக் குறையை அழித்துக்கொண்டே போனால், சங்கம் எதை வைத்துத் தொழில் வளர்க்கும்? முறையாக விண்ணப்பம் போடு.”

விண்ணப்பம் போட்டால் தட்டி வைக்கலாமோ என்று கங்கம்மா உட்கார்ந்தாள். கொர்னேலியஸ் பாரத்தை விரித்தார்.

“குறையின் பெயர்?”

“காத்து அடிக்குதுங்க.”

“குறைக்குச் சொந்தக்காரர்?”

“காத்துக்குங்களா? அது கடவுளுதுங்க.”

“கடவுள் விண்ணப்பிக்கவில்லை. உன் பெயரைப் போடுகிறேன். இந்தக் குறை எத்தனை வருஷமாக நல்ல நிலையில் இருக்கிறது?”

“சொரங்கம் தோண்ட்ன நாள்லேர்ந்து கீது.”

“நல்லது. பழைய குறைக்கு மதிப்பு அதிகம். குறையை நிரூபிக்க ஒரு மாதிரி வேண்டும், உயிருள்ள சாம்பிள். யார் பெயரைப் போட?”

இங்கேதான் கங்கம்மா தப்புப் பண்ணினாள். லைனில் எதற்கும் முதல் பேர் கொடுத்தவனுக்குத்தான் முதலில் கிடைக்கும். தண்ணீர் வண்டி வந்தாலும் அப்படித்தான், வேட்டி கொடுத்தாலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில் அவள் யோசிக்காமல், “எங்க வூட்டுக்காரரு பேரப் போடுங்க. கோவிந்தன். அவருக்குத்தான் ஜாஸ்தி,” என்றாள். வாரிசு யார் என்று கேட்டதற்குத் தம்பி ராஜப்பா என்றாள். பிள்ளை குட்டி இல்லாதவள், வேறு யாரைச் சொல்வாள்? பெருவிரலில் மை தடவி அழுத்திவிட்டு வந்தாள்.

“எம் பேர ஏன்மே குட்த்த?” என்று கேட்டான் கோவிந்தன்.

“மொத பேரு உன்துன்னா மொதல்ல உனக்குத்தானேயா செய்வாங்கோ?”

கோவிந்தன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

விண்ணப்பம் போட்ட மறுநாளே கவனிப்பு தொடங்கிற்று. என்ன கவனிப்பு? சோதனை வரிசைக்கு முன்னால் ஒரு மேஜை போட்டு, கம்பளிக் கோட்டு மாட்டிய ஒரு குமாஸ்தாவை உட்கார வைத்தார்கள். கோவிந்தன் எத்தனை தடவை இருமுகிறான் என்று கோடு போடுவது அவர் உத்தியோகம். பதினைந்து நாள் கோடு போட வேண்டும். அந்தப் பதினைந்து நாளும் குறை கலையாமல் இருக்க வேண்டும் என்பதால் தட்டி, கூழ், கம்பளி எதுவும் கிட்டே வரக் கூடாது. குளிரில் குமாஸ்தாவின் கை விறைத்தால் கோடு கோணிப்போகும் என்று அவர் காலடியில் ஒரு கணப்புச் சட்டி வைத்திருந்தார்கள். கோவிந்தன் ஒருநாள் தெரியாமல் அதன் பக்கமாக இரண்டடி நகர்ந்துவிட்டான்.

“மாதிரி அனலுக்குக் கிட்டே வரக் கூடாது அப்பா. எண்ணிக்கை கெட்டுப்போகும்,” என்று குமாஸ்தா தன்மையாகச் சொன்னார். தன்மையான மனிதர்தான். கோவிந்தன் நன்றாக இருமிய நாட்களில் பாராட்டவும் செய்தார்.

பதினாறாம் நாள் எட்மண்ட் துரையே நேரில் பார்வையிட வந்தார். கூடவே ஜூடித் துரைசானியும் வந்தாள். அவர்களுக்குக் காற்றுப் படாமல் இருக்க, தடித்த கித்தான் துணியில் ஒரு கூடாரம் அடித்திருந்தார்கள். உள்ளே நாற்காலி, கணப்பு, ஆவி பறக்கும் கோகோ. துரை உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். இங்கே காற்றே தெரியவில்லையே, குறை உண்மைதானா என்று சந்தேகப்பட்டார். உடனே கோவிந்தனைக் கூடாரத்து மறைவிலிருந்து தள்ளிக் கூட்டிப்போய், காற்று நேராக அறைகிற மேட்டில் நிறுத்திக் காட்டினார்கள். உடம்பு உதறியது. பல் அடித்துக்கொள்கிற சத்தம் கூடாரத்துக்குள் கேட்டது. துரைக்குத் திருப்தி.

கங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனியில் தான் பார்த்த கல் பொறுக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தவள், கூடாரத்து வாசலில் போய் நின்றாள்.

“தொர, சோதன பண்றதுக்கு இன்னும் ரெண்டு ஆளப் போட்டீங்கன்னா போதுங்க. சட்டுனு முடிச்சிட்டு வூட்டுக்குப் பூடுவாங்க. தட்டியும் வாணாம், ஒண்ணும் வாணாம்.”

கொர்னேலியஸ் மொழிபெயர்த்தார். துரை கோகோவைக் கீழே வைத்தார். அவருக்கு உண்மையாகவே மனம் வலித்தது என்பது முகத்தில் தெரிந்தது. அவர் சொன்னதைக் கொர்னேலியஸ் தமிழில் சொன்னார்.

“ஏழைகளிடம் இருக்கும் பெரிய கோளாறு இதுதான். ஒரு குறையைக் கண்டால் உடனே அதை இல்லாமல் செய்துவிடப் பார்க்கிறார்கள். அம்மா, இரண்டு ஆளைப் போட்டால் குறை தீர்ந்துபோகும். தீர்ந்துபோன குறையை யார் விலைக்கு வாங்குவார்கள்? இந்த மேட்டில் இவ்வளவு அருமையான குளிர் இருக்கிறது. கம்பெனி ஒரு செலவும் செய்யாமல் ஆண்டவன் அனுப்புகிறார். இதைக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.”

துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணப்பிலிருந்து புகை வந்ததும் காரணமாக இருக்கலாம்.

தை பிறந்ததும் பரிசளிப்பு நடந்தது. கங்கம்மாவின் குறைதான் அந்த வருஷத்தின் உத்தமமான குறை என்று தேர்வாயிற்று. அவளை மேடையில் ஏற்றி, இங்கிலீஷில் எழுதிக் கண்ணாடி போட்ட ஒரு பத்திரத்தைக் கையில் கொடுத்துக் கைதட்டினார்கள். பிறகு, தொழிலை நடத்தும் தகுதி அவளுக்கு உண்டா என்று எல்லார் முன்னாலும் ஒரு கேள்வி கேட்டார்கள்.

“கூழை என்ன விலைக்கு விற்பாய்?”

“கூழுக்கு இன்னாங்க வெல? இர்றவங்க ஊத்துவாங்க, இல்லாதவங்க குடிப்பாங்க.”

மேடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தகுதியில்லை என்று எழுதிக்கொண்டார்கள். காற்றுத்தடுப்புத் தொழில் கோரமண்டல் சுந்தரராஜுக்குப் போயிற்று. ஒரு வாரத்தில் கித்தான் தடுப்பு எழும்பியது, துரைக்கு அடித்த அதே கித்தான்தான். ஒரு தடவைக்குப் பத்துப் பேர் உள்ளே நிற்கலாம். அதற்குச் சீட்டு வாங்க வேண்டும். தடுப்பு நன்றாக வியாபாரமாக வேண்டும் என்று, சோதனைக்காரனை இன்னும் நிதானமாகச் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள்.

போகட்டும், கோவிந்தனாவது உள்ளே நிற்பான் என்று கங்கம்மா நினைத்தாள். ராஜப்பா தன் சீட்டை அண்ணன் கையில் திணித்து உள்ளே அனுப்பினான். வாசலில் கொர்னேலியஸ் மறித்தார்.

“மாதிரி உள்ளே வரக் கூடாது. உள்ளே வந்தால் குறை இருப்பது எப்படித் தெரியும்? தடுப்பு இல்லாதவன் கதி என்ன என்று நாலு பேர் கண்ணால் பார்த்தால்தானே சீட்டு விற்கும்? கோவிந்தன் வாசலுக்கு எதிரே நிற்க வேண்டும். நாள் தவறாமல் நிற்க வேண்டும்.”

கழுத்தில் ஒரு பலகையும் மாட்டினார்கள். அதில் ‘தடுப்பில்லாதவன்’ என்று எழுதியிருந்தது. கோவிந்தனுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் அவனுக்குச் சொல்லவில்லை.

கங்கம்மா ஆபீசுக்கு ஓடினாள். “பேர அட்ச்சிடுங்க ஐயா. தெரியாத குட்த்துட்டேன். எங்களுக்கு இந்தக் கொறையே வாணாம்.”

“பதிவேட்டில் மையால் எழுதியதை அடிக்க வேண்டுமென்றால் லண்டனுக்கு எழுத வேண்டும். இதுவரை யாரும் எழுதியதில்லை. அதனால் இங்கே எழுதியதுதான் உண்மை,” என்றார் கொர்னேலியஸ். பிறகு, பாவம் என்று விதிப் புத்தகத்தைத் திறந்து வாசித்துக் காட்டினார். “மாதிரி நிற்க மறுத்தால் குடும்பத்தில் அத்தனை பேருக்கும் வேலை போகும், அன்றைக்கே குடிசையைக் காலி செய்ய வேண்டும். மாதிரி குணமடைந்தால் அன்றோடு அந்தப் பதவி தீர்ந்துவிடும். மாதிரி மரித்தால் பதவி வாரிசுக்குப் போகும்.”

“வாரிசுன்னா?”

“நீ சொன்னதுதான். ராஜப்பா.”

ராஜப்பாவுக்கு இருபத்திரண்டு வயசு. அவனுக்கும் ஒரு வாரமாக லேசாக இருமல் இருந்தது.

கங்கம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கண்ணாடி போட்ட பத்திரத்தை வாசற்படியில் போட்டு மிதித்தாள். கண்ணாடி காலைக் கிழித்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு அவள் செய்யாததில்லை. தூதுவளை, கண்டந்திப்பிலி, நல்லெண்ணெய் ஒத்தடம், மாரியம்மன் கோயிலில் மஞ்சள் துணி எல்லாம் செய்தாள். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பத்து நாள் படுத்தே கிடக்கச் சொன்னார். பத்து நாள் எங்கே படுப்பது? விடிந்தால் தடுப்புக்கு எதிரே நிற்க வேண்டுமே. கழுத்துப் பலகையோடு அவன் இருமுவதைப் பார்த்துப் பார்த்து, சீட்டு மளமளவென்று விற்றது. சுந்தரராஜ் இரண்டாவது தடுப்புக் கட்டினார்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஷிப்டு முடிந்து ராஜப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டு கோவிந்தன் வந்தான். பாயில் படுத்தான். “தண்ணி குடுமே” என்றான். கங்கம்மா தண்ணீர் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது.

ஸ்கெலட்டன் லைனில் சாவு என்றால் முதல் அலறல் செத்தவன் பெண்டாட்டியுடையது. அது கேட்டவுடன் பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்து கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். கால் மணி நேரத்தில் பறை வந்துவிடும். கங்கம்மா வாயைத் திறந்தாள். அப்போது தெருக்கோடியில் மணிச் சத்தம் கேட்டது. கொர்னேலியஸ் பதிவேட்டோடும் ஒரு பியூனோடும் வருகிறார். மாசி மாதக் குறைத் தணிக்கை. வீடு வீடாக நின்று, பழைய குறைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதிக்கொண்டு போவார்.

கங்கம்மா திறந்த வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஓடி வந்த தங்கம்மாவின் வாயையும் பொத்தினாள்.

“சாவு வூட்ல அழாத எப்டிமே இர்க்கறது? பாவம்மே,” என்று விரலுக்கு நடுவே முனகினாள் தங்கம்மா.

“செத்துட்டார்னு தெரிஞ்சா ராஜப்பாவ இட்டுனு பூடுவாங்க. ஒர்த்தியும் அழக் கூடாது. எல்லார் வூட்லயும் போயி சொல்லு. அந்தாளு போற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது.”

தங்கம்மா பின்வாசல் வழியாக ஓடினாள். கங்கம்மா புருஷனைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. கழுத்துவரை கம்பளியைப் போர்த்தினாள். வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேழ்வரகு புடைத்தாள். ராஜப்பா மூலையில் முழங்காலுக்குள் தலையைக் கவிழ்த்து, தலைப்பாகைத் துணியை வாயில் கடித்துக்கொண்டிருந்தான்.

“கங்கம்மா, குறை எப்படி இருக்கிறது?” என்றார் கொர்னேலியஸ்.

“ஒண்ணும் கொறை இல்லீங்க.”

“கோவிந்தன்?”

“ஷிப்டு முட்ச்சிட்டு வந்து படுத்துனு கீறாரு.”

கொர்னேலியஸ் வாசலுக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். மனிதர் கடமையில் கெட்டிக்காரர், கடிகாரத்தைக் கையில் எடுத்து முழுசாக ஐந்து நிமிஷம் காது கொடுத்துக் கேட்டார். முறத்தில் கேழ்வரகு தட்டுகிற சத்தம் மட்டும்தான் வந்தது. கங்கம்மாவின் கை நிற்கவில்லை.

“இருமக் காணோமே?”

“நின்னுட்ச்சுங்க.”

“எப்போதிலிருந்து?”

“விடிகாலைலேர்ந்து.”

கொர்னேலியஸ் முகம் கொஞ்சம் வாடியது. இவ்வளவு நல்ல மாதிரி இனிமேல் எங்கே கிடைக்கும் என்று பியூனிடம் சொன்னார். இருந்தாலும் நேர்மையானவர் அல்லவா, பேனாவை மையில் தோய்த்து, ‘மாதிரி பூரண குணமடைந்தது. பதவி தீர்ந்தது’ என்று அங்கேயே எழுதி, ஊதிக் காயவைத்தார்.

“பார்த்தாயா, சங்கத்தால் உன் குடும்பத்துக்கு எவ்வளவு நன்மை,” என்றார்.

“ஆமாங்க,” என்றாள் கங்கம்மா.

அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே குறை இல்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. நாற்பது வீட்டிலும் பெண்கள் வாசலில் நின்று, கண்ணைத் துடைக்காமல், ஒண்ணும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க என்றார்கள். ஸ்கெலட்டன் லைன் முழுவதும் சுபிட்சம் நிலவுகிறது, குழந்தை அழுகிற சத்தம்கூட இல்லை என்று அவர் அறிக்கையில் எழுதியதாகப் பிற்பாடு தெரிந்தது. அந்த ஒரு லைனை முடிக்க அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. அவ்வளவு நேரமும் கங்கம்மா புடைத்த கேழ்வரகையே திரும்பத் திரும்பப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தங்கம்மா தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் லைன் பெண்கள் எல்லாரும் சத்தமில்லாமல் வந்து நின்றார்கள்.

“அந்தாளு பூட்டான்மே. இப்ப அழு.”

கங்கம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், மூலையில் இருந்த ராஜப்பாவின் வாயிலிருந்து துணி விழுந்தது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த இருமல், நெஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. நிற்காமல் வந்தது.

கங்கம்மா துள்ளி எழுந்து போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். ரைட்டர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து, புருஷன் மேல் விழுந்து அழுதாள்.